கடைமடைக்கும் கீழே ஒரு கடல்

உழவர் இதழில் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாகவே தோன்றும். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974-ல் மாவட்டம் உருவானபோது தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பக்கம் வந்து சேர்ந்தது. அதோடு சேர்ந்து வந்ததுதான் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்கிற சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரை. ஐம்பது வருஷம் ஆகியும் கீரனூர், இலுப்பூர், பொன்னமராவதிப் பக்கம் இருக்கிற நமக்குக் கடல் என்றால் இன்னும் அடுத்த ஊர் சங்கதிதான்.

ஆனால் நமக்குக் கடைமடை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் நாகுடி, மும்பாலை வரைக்கும் வந்து சேராமல் போனால் அறந்தாங்கி உழவர்கள் மறியல் செய்கிறார்கள். "மேல்மடைக்காரன் செய்றதுக்கெல்லாம் நாங்க அனுபவிக்கிறோம்" என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்கிற பேச்சு. அந்தக் கடைமடைக்கும் கீழே ஒரு கடைமடை இருக்கிறது. அதுதான் பாக் விரிகுடா. நாம் மேலே செய்கிற எல்லாம் கடைசியில் அங்கே போய்த்தான் தங்குகிறது. அதற்காக மறியல் செய்யத்தான் ஆள் இல்லை.

கடலின் ஆரோக்கியம் மீனவர் பிரச்சினை மட்டுமல்ல, அது அரசியலிலும் பட்ஜெட்டிலும் முதல் வரிசையில் வரவேண்டிய விஷயம், அதைக் கேட்க வேண்டியவர்களில் உழவர்களும் உண்டு. இந்தப் பாடத்தில் அதைத்தான் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

கடல் நமக்குச் செய்யும் வேலை

முதல் வேலை மழை. நம் மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும் ஐப்பசி, கார்த்திகையை நம்பித்தான் வெட்டப்பட்டவை. அந்த வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து எழும் ஈரம். மானாவாரிக்காரனுக்குக் கடல்தான் முதல் நீர்த்தேக்கம்.

இரண்டாவது வேலை சூட்டைத் தாங்குவது. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் உள்வாங்குகிறது. பூமியில் கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேலாகக் கடலுக்குள்தான் போயிருக்கிறது. கடல் இதைச் செய்யாவிட்டால் நம் வயலில் எந்தப் பயிரும் நிற்காது. ஆனால் இந்த வேலைக்கு ஒரு விலை இருக்கிறது. கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் சூடானால்தான் புயல் உருவாகி வலுக்கிறது. கடல் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு தீனி புயலுக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியது வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில். விழுந்த தென்னையை எண்ணியது கீரமங்கலத்திலும் ஆலங்குடியிலும். இருபது, முப்பது வருஷம் வளர்த்த தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. கடலோடு நமக்கு உறவு உண்டா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மூன்றாவது வேலை சோறு. நம் சந்தைகளில் கருவாடு விற்காத சந்தை இல்லை. இயற்கை உழவர்கள் தெளிக்கிற மீன் அமிலமும் பெரும்பாலும் கடல்மீன் கழிவும் வெல்லமும்தான். ஆக, கடலுக்குக் கணக்குப் பார்க்காத உழவன் யாரும் கிடையாது. எழுதி வைக்காத கணக்கு, அவ்வளவுதான்.

பாக் விரிகுடாவின் மேல்மண்

நம் கரைக்கு எதிரே இருக்கிற கடல் ஒரு தனி ரகம். பாக் விரிகுடா ஆழமே இல்லாத கடல். பெரும்பாலான இடத்தில் 15 மீட்டரைத் தாண்டாது. சூரிய வெளிச்சம் அடிவரைக்கும் போகும். அதனால் தரையில் கடல்புல் வளர்கிறது. பாசி வேறு, கடல்புல் வேறு. கடல்புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு. நம் அருகம்புல் மாதிரி படர்ந்து, வேரால் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும்.

இந்தப் புல்வெளிதான் கடலின் நாற்றங்கால். இறால் குஞ்சு, நண்டு, கணவாய், ஓரா எல்லாம் சின்ன வயதில் ஒளிந்து வளர்வது இதற்குள். அலையின் வேகத்தைக் குறைப்பதும், தண்ணீரைத் தெளிய வைப்பதும், கரியைச் சேற்றுக்குள் புதைத்து வைப்பதும் இந்தப் புல்தான். மேல்மண் எப்படி வயலுக்கு உயிரோ, அப்படிக் கடல்புல் இந்தக் கடலுக்கு.

இதை மேய்கிற மாடும் உண்டு. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்கிற கடல்பசு. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். மேய்ந்த இடத்தில் புல் புதிதாகத் துளிர்க்கும். இந்தியாவில் இருப்பதே 240 அளவுக்குத்தான் என்று அரசுக் கணக்கு. அதில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கடலில். 2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு, அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது இது. அதற்குள் சுமார் 12,250 ஹெக்டேர் கடல்புல் இருப்பதாகக் கணக்கு. ஏக்கரில் சொன்னால் முப்பதாயிரம். அவ்வளவு பெரிய மேய்ச்சல் நிலம் நம் மாவட்டத்து வாசலில் இருக்கிறது.

நாற்றங்காலில் உழவு

இனி அந்த மேய்ச்சல் நிலத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1952-ல் ஐ.நா., நார்வே, இந்தியா மூன்றும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. கேரளத்தின் நீண்டகரைப் பக்கம் விசைப்படகு மீன்பிடிப்பு அதில் தொடங்கியது. பசுமைப் புரட்சிக்கு முன்னாடியே கடலில் வந்த புரட்சி அது. வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை கிடைத்ததும் இழுவைமடி கடற்கரை முழுக்கப் பரவியது. மானியமும் கடனும் தாராளமாகக் கிடைத்தன. வீரிய விதை, ரசாயன உரம், கடன் என்று வயலுக்கு வந்த அதே பொட்டலம்தான் கடலுக்கும் வந்தது.

இழுவைமடி என்பது பை போன்ற வலை. அதன் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகை. அடியில் சங்கிலி. விசைப்படகு மணிக்கணக்கில் இதைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். இறால் கிடைக்கும், சரி. அதோடு புல்லும் வேரும், முட்டையும் குஞ்சும் எல்லாமே வந்துவிடும். விலைபோகாத குஞ்சு மீன்களுக்குச் சங்காயம் என்று பெயர். அது காய்ந்து அரைபட்டுக் கோழித் தீவனமாகப் போகும். நாளைக்கு ஒரு கிலோ ஆகியிருக்க வேண்டிய மீன், இன்றைக்குப் பத்து கிராமில் கோழிக்கு இரையாகிறது. நாற்றங்காலில் வாரத்துக்கு மூன்று தடவை ரோட்டவேட்டர் ஓட்டினால் நடவுக்கு என்ன மிஞ்சும்?

மூன்று தடவை என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பல வருஷமாக ஒரு முறை இருக்கிறது. விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் வலை இழுக்கக் கூடாது என்பது விதி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் இருக்கிறது. விதியெல்லாம் நல்ல விதிதான். ஆனால் எத்தனை நாள் என்று எண்ணினார்களே தவிர, எந்தக் கருவி என்று யாரும் கேட்கவில்லை.

நம் ஊர்க் கண்மாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்மாய் வற்றும் காலத்தில்தான் மீன்பிடித் திருவிழா. ஊர் கூடி, வெள்ளைத் துண்டு வீசின பிறகுதான் ஊத்தாவோடு இறங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒருத்தன் இறங்கினால் ஊர் சும்மா விடாது. பொதுச்சொத்தை அனுபவிக்க ஒரு முறை, அதைக் காக்க ஒரு ஊர். கடலிலும் மீனவர் பஞ்சாயத்துகளுக்கு அப்படிப்பட்ட முறைகள் இருந்தன. முதலீடு பெருசானதும் முறை சிறுத்துவிட்டது.

எல்லைச் சண்டையின் வேர்

இந்தப் பக்கம் தரை காலியானால் படகு எங்கே போகும்? இழுவைமடி ஓடாத தரை எங்கே இருக்கிறதோ அங்கே போகும். இலங்கையின் வடக்கில் போர்க்காலத்தில் மீன்பிடிக்கத் தடை இருந்தது. அதனால் அந்தப் பக்கம் புல்லும் இறாலும் மிஞ்சின. 2009-ல் போர் முடிந்து, யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் சின்னச் சின்ன வலையோடு மறுபடி கடலுக்கு வந்தார்கள். அவர்களும் தமிழர்கள்தான், எல்லாவற்றையும் இழந்தவர்கள்தான். அவர்கள் ராத்திரி விரித்து வைத்த வலையை நம் இழுவைமடி அறுத்துக்கொண்டு போனது. 2017-ல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அடுத்த ஆண்டு, எல்லை தாண்டும் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தைக் கோடிக்கணக்கில் உயர்த்தியது.

அதன் பலன் நம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு விசைப்படகு, நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படையிடம் சிக்கிய நேரத்தில் மூழ்கியது. அதில் இருந்த 4 பேரும் பிணமாகத்தான் திரும்பினார்கள். அதே வருஷம் அக்டோபரில் கோட்டைப்பட்டினத்துப் படகு இன்னொன்று மூழ்கி ஒருவர் இறந்தார். கைது, சிறை, படகு பறிமுதல் என்ற செய்தி இல்லாத மாதமே இல்லை.

நம் அரசியல் இதற்கு என்ன செய்கிறது? கைது நடந்தால் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம். தேர்தல் வந்தால் 1974-ல் போன கச்சத்தீவைப் பற்றிப் பேச்சு. கைதானவர்களை மீட்பது அவசியம்தான், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கச்சத்தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும், இழுவைமடி ஓடினால் அதைச் சுற்றியுள்ள தரை எத்தனை வருஷம் தாங்கும்? அந்தக் கேள்வியை எந்தக் கட்சி மேடையிலும் கேட்க முடிவதில்லை. கோட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், தரையைப் பற்றிப் பேசுவதில்லை.

வங்கிக் கணக்கில் பார்த்தால்

முப்பது வருஷத்துக்கும் மேலாக வங்கியில் கடன் மனு பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன். எந்தக் கடனுக்கும் முதல் கேள்வி, வருமானம் எங்கிருந்து வரும் என்பது. வட்டியில் பிழைக்கிறவன் நிற்பான், முதலில் கை வைக்கிறவன் விழுவான். கடலில் குஞ்சும் புல்லும் தாய்மீனும் முதல். வளர்ந்த மீன் வட்டி. நாம் பிடித்துக்கொண்டிருப்பது முதலை.

முதல் தீர்ந்துபோன ஊர் எப்படி இருக்கும் என்பதற்குக் கனடாவின் நியூபவுண்ட்லாந்து சாட்சி. ஐந்நூறு வருஷமாகக் காட் மீனுக்குப் பேர்போன கடல். பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து முப்பது, நாற்பது வருஷத்தில் காலி செய்தன. 1992 ஜூலை 2 அன்று அரசாங்கம் மீன்பிடிப்பை நிறுத்தியது. ஒரே அறிவிப்பில் சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருஷத் தடை என்றுதான் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது. உலக வங்கி 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. கடலை முறையாக வைத்திருந்தால் கிடைத்திருக்க வேண்டிய வருமானத்தில், 2012-ம் வருஷத்தில் மட்டும் உலகம் இழந்தது 8,300 கோடி டாலர். குறைவான படகு போனால் அதிகமான லாபம் என்பதுதான் அந்தக் கணக்கின் சாரம்.

நம் பக்கம் பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். விசைப்படகுக்கு வரிவிலக்கு டீசல் வருஷத்துக்கு 18,000 லிட்டர் இருந்தது. 2023-ல் 19,000 லிட்டர் ஆனது. மீனவர்களுக்கு உதவி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் டீசலுக்குக் கொடுக்கிற உதவி, அதிக நேரம் இழுக்கிறவனுக்கு அதிகமாகப் போகிறது. நம் யூரியா மானியம் மாதிரியேதான். எவ்வளவு கொட்டுகிறாயோ அவ்வளவு மானியம்.

மாற்று முயற்சி நடக்காமல் இல்லை. 2017-ல் பாக் விரிகுடா இழுவைப் படகுகளை ஒழித்து, ஆழ்கடல் சூரை பிடிக்கும் படகு கொடுக்கும் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், மீனவர் கைப்பணம் 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். மூன்று வருஷத்தில் 2,000 படகு என்று இலக்கு. முதல் ஐந்து வருஷத்தில் நூறைக்கூட எட்டவில்லை. ஏன்? காகிதத்தில் 70 சதவீதம் மானியம், நல்ல திட்டம்தான். ஆனால் சாயங்காலம் போய் மறுநாள் காலையில் திரும்பிப் பழகினவர்களை வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கச் சொல்கிறோம். ஆழமில்லாத நம் கரையில் அந்தப் படகைக் கட்டி வைக்கவே வசதியில்லை, மூக்கையூர் மாதிரி வேறு துறைமுகம் தேட வேண்டும். டீசல், ஐஸ், சாப்பாடு என்று ஒவ்வொரு பயணத்துக்கும் நடைமுறைச் செலவு கூடுதல், அதற்குத் தனி ஏற்பாடு போதவில்லை. உடைமையாளருக்காவது படகு வரும், படகில் கூலிக்குப் போகிற நாலைந்து பேருக்கு என்ன என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. படகுக்குக் கடன் கொடுத்தோம், தொழில் மாறுவதற்குக் கடன் கொடுக்கவில்லை. இயற்கை வேளாண்மைக்கு மாறும் முதல் மூன்று வருஷம் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த நமக்கு இது புரியாமல் போகாது.

செய்து காட்டியவர்களும் உண்டு. கேரளத்தில் மீன் தொழிலாளர்கள் பல வருஷம் போராடி, 1988 முதல் மழைக்காலத்தில் இழுவைமடிக்குத் தடை வாங்கினார்கள். ஹாங்காங் 2012 முடிவோடு இழுவைமடியை முழுவதும் தடை செய்தது. தடை போட்டதோடு விடவில்லை. படகுகளை விலை கொடுத்து வாங்கியது, படகில் வேலை பார்த்தவர்களுக்கும் தனியாகப் பணம் கொடுத்தது.

நம் வயலிலிருந்து போகிறது

மீனவர்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோ 700 கிராம். நெல் அதில் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதி. மீதி பத்துப் பன்னிரண்டு கிலோ காற்றிலும் தண்ணீரிலும் போகிறது. தெற்கு வெள்ளாறு, பாம்பாறு, அம்புலியாறு, அக்னியாறு எல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதே பாக் விரிகுடாவில். சத்து அதிகமானால் கடலில் பாசி பெருகும். பாசி மூடினால் கடல்புல்லுக்கு வெளிச்சம் போகாது. பாசி செத்து மக்கும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும்.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு, மக்காச்சோள வயல்களின் உரத்தை மெக்சிகோ வளைகுடாவில் கொட்டுகிறது. 2017-ல் அங்கே பிராணவாயு அற்றுப்போன கடல் சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். நம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. நம் கடல் அந்த நிலைக்குப் போகவில்லை. ஆனால் 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் பாசி பெருகிக் கடல் பச்சையாக மாறி, மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். கடல் சூடு, காற்று, சத்து என்று அதற்குப் பல காரணம் சேரும். நம் கையில் இருக்கிற காரணம் ஒன்றுதான், நாம் போடுகிற உரம்.

இறால் பண்ணைக் கதையும் நினைவில் இருக்க வேண்டும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் கொண்டுவந்து, பதிவு செய்த பண்ணைகளுக்கு வழிவிட்டது. நீதிமன்றம் கொடுத்ததை அரசியல் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கடல் விஷயம் வழக்கோடு முடியாது, வாக்கோடுதான் முடியும்.

நாம் கேட்க வேண்டியவை

கடலோரத்தில் வாக்கு குறைவு. கடல்புல்லுக்கும் ஆவுளியாவுக்கும் வாக்கே இல்லை. உள்நாட்டில் இருக்கிற நாம் சேர்ந்து கேட்டால்தான் எடை கூடும். கிராம சபையிலும் குறைதீர் கூட்டத்திலும் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேட்க வேண்டியவை இவை:

1. பாக் விரிகுடாவில் இழுவைமடியை நிறுத்த நாள் குறிக்க வேண்டும். படகை அரசே நியாயமான விலைக்கு வாங்க வேண்டும். படகுத் தொழிலாளிக்கும் குறைந்தது மூன்று வருஷம் மாற்றுக்கால உதவி வேண்டும்.

2. டீசலுக்குப் போகும் பணத்தைப் படிப்படியாகக் கருவி மாற்றத்துக்குத் திருப்ப வேண்டும். கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. அதில் கடலைக் கெடுக்காத வலைக்கும் தூண்டிலுக்கும் வட்டிச் சலுகை கூடுதலாக இருக்க வேண்டும்.

3. கடல்பசுப் பாதுகாப்பகத்தைப் பலகையோடு விடாமல், அம்மாபட்டினம் வரையுள்ள நாட்டுப்படகு மீனவர்களையே காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் வேலைக்கு வைக்க வேண்டும்.

4. வெள்ளாறு, பாம்பாறு, அம்புலியாறு, அக்னியாறு பாயும் ஊர்களில் இயற்கை வேளாண்மைக்கு முன்னுரிமை நிதி வேண்டும். யூரியா மானியத்தில் மிச்சமாகும் பணத்தை அந்த உழவர்களுக்கே தர வேண்டும். இதைக் கடல் பாதுகாப்புச் செலவாகவே கணக்கில் எழுதலாம்.

5. இரு கரை மீனவர்களும் நேரில் பேசும் கூட்டங்கள் பல தடவை தொடங்கி நின்றுபோயின. அதை விடாமல் நடத்த வேண்டும். பிரச்சினையைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரை வயலிலேயே நிறுத்துவது, பசுந்தாள் உரம் விதைப்பது, ஓடைக் கரையில் மரம் வைப்பது எல்லாம் நாம் ஏற்கெனவே செய்கிற வேலைதான். அது நம் மண்ணுக்கு மட்டுமில்லை, நூறு கிலோமீட்டர் கீழே இருக்கிற கடல்புல்லுக்கும் போய்ச் சேரும். மீன் அமிலத்துக்கு மீன் வாங்கும்போது குஞ்சு மீன் வேண்டாம், தலையும் குடலும் போதும் என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த இயக்கக் கூட்டத்தை ஒருமுறை கோட்டைப்பட்டினத்திலோ மணமேல்குடியிலோ வைத்து, நாட்டுப்படகு மீனவர்களையும் விசைப்படகுத் தொழிலாளர்களையும் கூப்பிட்டுப் பேச வைக்கலாம். கடைமடைக்காரன் சொல்வதை மேல்மடைக்காரன் உட்கார்ந்து கேட்பதுதான் எந்த நீர்ப் பங்கீட்டுக்கும் ஆரம்பம்.